மண்ணெண்ணெயை இறக்கு, ஸ்பிரிட்டை ஏற்று!

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் ஒரு மண்ணெண்ணெய் கேனோடு ஏறிப் பாருங்கள். கண்டக்டர் விடமாட்டார். "யோவ், எறங்குய்யா மொதல்ல!" என்பார். பக்கத்து சீட்டு அம்மா மூக்கை மூடிக்கொண்டு நாலு வார்த்தை திட்டுவார். நியாயம்தான்.

அதே பஸ்ஸில் ஐந்து லிட்டர் சானிடைசர் கேனோடு ஏறுங்கள். "ஆஸ்பத்திரிக்கா சார்? அப்படி ஓரமா வைங்க, கால் படப்போவுது" என்று இடம் பண்ணிக் கொடுப்பார்.

இப்போது ஒரு கேள்வி. இரண்டில் எது சீக்கிரம் தீப்பிடிக்கும்?

மண்ணெண்ணெய் என்றுதானே சொல்லப்போகிறீர்கள்? தப்பு.

ஒரு திரவத்திலிருந்து கிளம்பும் ஆவி, ஒரு பொறி பட்டாலே குப்பென்று பிடித்துக்கொள்ளும் அளவுக்குச் சேருவதற்கு ஒரு வெப்பநிலை வேண்டும். இதற்கு ஃபிளாஷ் பாயிண்ட் என்று பெயர். அது குறையக் குறைய ஆபத்து அதிகம். நம் நாட்டில் விற்கும் மண்ணெண்ணெய்க்கு இது 35 டிகிரிக்குக் கீழே இருக்கக்கூடாது என்பது தர விதி. உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொடுத்த ஃபார்முலாப்படி 80 சதவிகித எத்தனால் போட்டுச் செய்யும் சானிடைசருக்கு எவ்வளவு தெரியுமா? 17.5 டிகிரி. இதைச் சொன்னதும் அதே உலக சுகாதார நிறுவனம்தான். மார்கழி விடியற்காலையில்கூட செங்கல்பட்டு பெரும்பாலும் அவ்வளவு குளிராது. சித்திரை வெயிலில் பரனூர் டோல்கேட் கியூவில் நிற்கும் வேனுக்குள் என்ன கதி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

1934-ம் வருஷத்துப் பெட்ரோலியம் சட்டம், 23 டிகிரிக்குக் கீழே ஃபிளாஷ் பாயிண்ட் உள்ளதை 'ஏ' வகுப்பில் வைக்கிறது. பெட்ரோல் இருக்கும் வகுப்பு. மண்ணெண்ணெய் அதற்கு அடுத்த 'பி' வகுப்புதான். சானிடைசர் பெட்ரோலியம் இல்லை என்பதால் அந்தச் சட்டம் அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் நெருப்புக்குச் சட்டம் தெரியாதே!

நம் ஊரில் ஒரு பொருள் ஆபத்தா இல்லையா என்பதை அதன் குணத்தை வைத்து முடிவு செய்வதில்லை. பெயரை வைத்து முடிவு செய்கிறோம். 'மருந்து' என்று சொல்லிவிட்டால் போதும், எல்லாக் கதவும் திறக்கும். இந்த மூடநம்பிக்கை பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறேன்.

* * *

உலகம் இதை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறது என்று பார்ப்போம். ஆபத்தான சரக்குகளை எப்படி வகைப்படுத்தி அனுப்புவது என்பதற்கு ஐ.நா. ஒரு பெரிய புத்தகம் வைத்திருக்கிறது. 1956-லிருந்து திருத்தித் திருத்தி வெளியிடுகிறார்கள். விமானம், கப்பல், லாரி எல்லாவற்றுக்கும் விதி அங்கிருந்துதான் கிளம்புகிறது. எரியும் திரவங்களுக்கு மூன்றாம் வகுப்பு. எத்தனாலுக்கு 1170, மெத்தனாலுக்கு 1230, ஐசோபுரோபைல் ஆல்கஹாலுக்கு 1219 என்று ஆளுக்கொரு நம்பர்.

இந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த விஷயம், அது யாருடைய பெயரையும் அந்தஸ்தையும் விசாரிப்பதில்லை. எத்தனை டிகிரியில் பற்றும், எத்தனை சதவிகிதம் ஆல்கஹால், எவ்வளவு பெரிய பாட்டில், எப்படிக் கட்டியிருக்கிறாய்? இவ்வளவுதான் கேள்வி. 'இது உயிர் காக்கும் மருந்து சார்' என்று கண்ணைக் கசக்கினாலும் பயனில்லை.

தண்ணீரோடு கலந்த ஆல்கஹால் 24 சதவிகிதத்துக்கு மேல் இல்லையென்றால் இந்த விதியே அதற்குக் கிடையாது. ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் துடைக்கிறாரே, அந்தச் சின்ன ஸ்வாப் பாக்கெட்டில் பஞ்சு உறிஞ்சிக்கொண்டது போக சொட்டுகிற திரவம் இல்லாமல், மொத்தம் 10 மில்லிக்கும் குறைவாக இருந்தால் அதற்கும் விலக்கு. 80 சதவிகித சானிடைசரை ஒரு லிட்டருக்கு மேற்படாத பாட்டில்களில் ஊற்றி, பெட்டி 30 கிலோவைத் தாண்டாமல் ஒழுங்காகக் கட்டினால், தரைவழியில் 'குறைந்த அளவு' என்ற சலுகையில் அனுப்பலாம். மேலும் கீழும் கறுப்பு முனை கொண்ட ஒரு சாய்சதுர ஸ்டிக்கர் போதும். அதற்கு மேல் போனால்தான் முழுக் கெடுபிடி.

இப்போது நம் மருந்துக்கடை அலமாரியைப் பாருங்கள். தசமூலாரிஷ்டம் ஒரு பக்கம். புளித்து உண்டாகும் ஆல்கஹால் அதில் இருக்கிறது, ஆனால் 24 சதவிகிதத்துக்கு எவ்வளவோ கீழே. பற்றவைத்தாலும் பற்றாது. ஹோமியோபதி டிங்சர் இன்னொரு பக்கம். பலவற்றில் பாதிக்கு மேல் ஆல்கஹால். ரெண்டுக்கும் பெயர் 'மருந்து'தான். குணம் மலைக்கும் மடுவுக்கும். பெயரைப் பார்க்கிறவனுக்கு ரெண்டும் ஒன்று. குணத்தைப் பார்க்கிறவனுக்கு ஒன்று கஷாயம், மற்றது விளக்கெரிக்க உதவும் ஸ்பிரிட்.

இன்னொரு வேடிக்கை. விமானப் பயணி கடையில் வாங்கிய விஸ்கியை, சீல் உடைக்காமல், ஐந்து லிட்டர் வரை பெட்டியில் போட்டு அனுப்பலாம். சானிடைசர், ஸ்பிரிட் வகையறா என்றால் ஒரு பாட்டில் அரை லிட்டரைத் தாண்டக்கூடாது. இப்படிப்பட்ட மருந்து, ஒப்பனைப் பொருள் எல்லாம் சேர்த்து மொத்தம் இரண்டு லிட்டர்தான். 'பாருங்கய்யா, குடிகாரனுக்குச் சலுகை, நோயாளிக்குத் தடை' என்று கோபப்படாதீர்கள். விஸ்கியில் ஆல்கஹால் 40 சதவிகிதத்தை ஒட்டித்தான். அது பற்றுவதற்கு இன்னும் சூடு வேண்டும். 70 சதவிகிதத்துக்கு மேலே போனால் அந்த மதுவையும் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். விதி ஒழுக்கத்தைப் பார்க்கவில்லை, நெருப்பைப் பார்க்கிறது. அதனால்தான் அது நல்ல விதி.

* * *

நம் சர்க்கார்கள் ஆல்கஹாலில் எதைப் பார்க்கின்றன? துட்டு. வேறென்ன?

கொரோனா காலத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். 2020 மார்ச்சில் சானிடைசர் அத்தியாவசியப் பொருள் ஆனது. 200 மில்லி 100 ரூபாய்க்கு மேல் விற்கக்கூடாது என்று உச்சவரம்பு போட்டார்கள். நல்லது. ஜூலையில் சானிடைசர் விற்க மருந்து லைசென்ஸ் வேண்டாம் என்றார்கள். பெட்டிக்கடையிலும் கிடைக்கட்டும் என்ற எண்ணம், அதுவும் சரி. அதே ஜூலையில் அது மருந்தா, கிருமிநாசினியா என்று ஒரு பட்டிமன்றம். கோவாவில் ஜி.எஸ்.டி. தீர்ப்பாணையம் 'மருந்தில்லை, கிருமிநாசினிதான், 18 சதவிகிதம் எடு' என்றது. மத்திய நிதித்துறையும் அதையே சொன்னது. 2021 ஜூனில் வரியை 5 ஆகக் குறைத்தார்கள், அதுவும் செப்டம்பர் வரைக்கும்தான்.

ஒன்றரை வருஷம் வகைப்பாடு, வகைப்பாடு என்று இத்தனை பேச்சு. அத்தனையும் எவ்வளவு வசூலிக்கலாம் என்பதற்காக. பெட்டிக்கடை வாசலில், பீடி பற்றவைக்கிற கயிற்றுக்குப் பக்கத்தில் இதை அடுக்கலாமா என்று ஒரு பட்டிமன்றம் நடந்ததா?

பிறகு 2024 அக்டோபர் 23. உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், தொழிற்சாலை ஆல்கஹாலும் 'போதை தரும் மது' என்ற சொல்லுக்குள் அடங்கும், அதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஏழு நீதிபதிகளின் பழைய தீர்ப்பு போயிற்று. மாநில உரிமை என்ற வகையில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் அதிகாரம் வந்தது வரி போட மட்டும்தானா? ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையிலிருந்து பூஞ்சேரி கூட்டுரோடு வழியாகப் போகும் ஒரு மினி லாரிக்குள் என்ன இருக்கிறது, அது கவிழ்ந்தால் தண்ணீர் ஊற்றலாமா கூடாதா என்று அங்கே நிற்கும் போலீஸ்காரருக்குத் தெரிவதற்கும் அதே அதிகாரத்தைப் பயன்படுத்தலாம் அல்லவா?

* * *

"விதியெல்லாம் ஏற்கெனவே இருக்கு சார்" என்று ஒரு அதிகாரி சொல்வார். இருக்கிறது. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 129-லிருந்து வரிசையாக இருக்கிறது. சரக்கு அனுப்புகிறவரின் பொறுப்பு என்று 131-ம் விதி. வண்டியில் ஆபத்துத் தகவல் பலகை, டிரைவருக்குத் தனிப் பயிற்சி, எல்லாம் உண்டு. ரயிலில் ஆபத்தான சரக்கைச் சொல்லாமல் கொண்டுபோனால் மூன்று வருஷம் வரை ஜெயில் என்று ரயில்வே சட்டம் சொல்கிறது.

ஆனால் திருக்கழுக்குன்றத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கும் டாக்டரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு மாதம் ஐந்து லிட்டர் ஸ்பிரிட் வேண்டும். பார்சல் கவுன்ட்டரில் பையன் கேட்கிறான்: "உள்ள என்ன சார்?" சப்ளையர் உண்மையைச் சொன்னால், "லிக்விட் எடுக்க மாட்டோம், ஸ்பிரிட் எடுக்கவே மாட்டோம்" என்று பெட்டி திரும்பி வரும். "மெடிசின்" என்று சொன்னால் ரசீது கிடைக்கும். இரண்டாவது தடவை சப்ளையர் என்ன சொல்வார்? நீங்களாயிருந்தால் என்ன சொல்வீர்கள்?

ஆக, உண்மை சொன்னவனுக்குத் தண்டனை, பொய் சொன்னவனுக்கு ரசீது. இந்தப் பாடத்தை நாம் தினமும் ஒவ்வொரு பார்சல் ஆபீஸிலும் நடத்திக்கொண்டிருக்கிறோம். அந்த 'மெடிசின்' பெட்டி ஆம்னி பஸ்ஸின் வயிற்றில் ஏறுகிறது. மேலே நாற்பது பேர் தூங்குகிறார்கள்.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்கிறீர்களா? 2023 ஆகஸ்ட்டில் மதுரை ஸ்டேஷன் பக்கத்தில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் ஒன்பது பேர் கருகிப்போனார்கள். யாருக்கும் சொல்லாமல் ஏற்றிய கேஸ் சிலிண்டர். 2025 அக்டோபரில் கர்னூல் பக்கம் ஹைதராபாத்–பெங்களூரு தனியார் பஸ் ஒரு மோட்டார் சைக்கிளில் மோதித் தீப்பிடித்தது. சுமார் இருபது உயிர். பார்சலாக வந்த நூற்றுக்கணக்கான மொபைல் போன்களின் பேட்டரிகள் தீயை இன்னும் மோசமாக்கின என்று தடயவியல் தரப்பில் சொன்னார்கள். இரண்டிலும் ஸ்பிரிட் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயணிக்குத் தெரியாத ஒரு சரக்கு அவனோடு பயணம் செய்தது என்பது இரண்டிலும் இருக்கிறது. அடுத்ததில் ஸ்பிரிட்டாக இருக்கக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

* * *

"அப்படியானால் ஒரேயடியாகத் தடை பண்ணிடலாமே?" என்று சில வீராவேசக்காரர்கள் கிளம்புவார்கள். அவர்களிடம்தான் எனக்கு இன்னும் பயம். தடை போட்டால் பெட்டி நிற்காது. அதன் மேல் இருக்கும் பெயர்தான் மாறும்.

தவிர, இது நமக்குத் தேவை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் சாம்பிள் ஆல்கஹாலில்தான் கெடாமல் நிற்கும். கடலோரக் குப்பத்துப் பெண்ணிடம் எடுத்த சாம்பிள் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி லேபுக்குப் போய்ச் சேர வேண்டாமா? விமான விதிகளில் ஒரு சலுகை இருக்கிறது: ஆராய்ச்சிக்காக ஆல்கஹாலில் போட்ட பூச்சி, தவளை, ஓணான் போன்ற மாதிரிகளை, ஒரு குப்பிக்கு 30 மில்லி, பெட்டிக்கு மொத்தம் ஒரு லிட்டர் என்ற கணக்குக்குள் அடக்கமாகக் கட்டினால் ஆபத்தான சரக்கு என்ற கெடுபிடி இல்லை. வடநெம்மேலியில் கிடைக்கிற ஒரு ஓணானுக்கு உலகம் இவ்வளவு யோசித்து வழி பண்ணி வைத்திருக்கிறது. நம் பார்சல் கவுன்ட்டரில் மனுஷிக்கு அவ்வளவு யோசனை இருக்கிறதா?

இன்னொன்று. மெத்தனால் விஷத்துக்கு மாற்று மருந்தாக டாக்டர்கள் கொடுப்பதில் ஒன்று எத்தனால். ஆமாம், அந்த ஆல்கஹாலின் விஷத்தை இந்த ஆல்கஹால் தடுத்து நிறுத்தும். ஆகவே ஆஸ்பத்திரிக்கு நல்ல ஆல்கஹால் போகிற வழியை அடைப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

மெத்தனால் என்றதும் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். 2023 மே. நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் சித்தாமூர் பக்கத்துப் பெருங்கரணை. அதே நாட்களில் கடற்கரையோடு தெற்கே போனால் மரக்காணம் எக்கியார்குப்பம். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். குடித்தது காய்ச்சிய சாராயம் இல்லை, ஆலைகளில் பயன்படுத்தும் மெத்தனால் என்று அன்றைய டி.ஜி.பி. சொன்னார். அடுத்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சி. அறுபதுக்கு மேல். அதற்குப் பிறகு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை போட்டார்கள். தண்டனை, செத்த பிறகு. என் கேள்வி, சாவுக்கு முன்னால்.

ஐ.நா. புத்தகத்தில் மெத்தனாலுக்கு இரண்டு சின்னம். எரியும் என்பதற்கு ஒன்று, விஷம் என்பதற்கு மண்டையோடு ஒன்று. எத்தனாலுக்கு ஒன்றே ஒன்றுதான். ஏனென்றால் பார்த்தாலும் மோந்தாலும் சாதாரண மனுஷனுக்கு வித்தியாசம் தெரியாது. சின்னம்தான் காப்பாற்ற வேண்டும். நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? பேச்சு வழக்கில் எல்லாம் 'ஸ்பிரிட்'. யாரும் குடித்துவிடக்கூடாது என்று நல்ல ஸ்பிரிட்டில் மெத்தனாலைக் கலக்கும் பழக்கமும் உலகமெங்கும் உண்டு. 2020-ல் மெக்சிகோவிலிருந்து வந்த சில சானிடைசர்களில் மெத்தனால் இருக்கிறது என்று அமெரிக்க மருந்துத் துறையே அலறியது. அதே வருஷம் ஏப்ரலில், ஊரடங்கில் மதுக்கடைகள் மூடியிருந்தபோது, செங்கல்பட்டில் வார்னிஷைக் கலந்து குடித்து மூன்று பேர் செத்தார்கள். ஜூலைக் கடைசியில் ஆந்திரா குரிச்சேடில் சானிடைசர் குடித்துப் பத்துப் பேருக்கு மேல்.

குடித்தது அவர்கள் தப்பு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று டப்பாவின் மேல் ஒழுங்காக எழுதாதது யார் தப்பு?

* * *

"யார் சார் லேபிளைப் படிக்கிறான்?" என்பீர்கள். அதனால்தான் அது படமாக இருக்கிறது. சிவப்புச் சாய்சதுரத்தில் ஒரு தீ. வெள்ளைச் சாய்சதுரத்தில் மண்டையோடு. பெட்டியைத் தோளில் தூக்குகிற லோடுமேன் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அவர் பீடியை அணைத்தால் போதும்.

"சின்ன வியாபாரிக்குச் செலவு" என்பீர்கள். ஒரு ஸ்டிக்கர் எவ்வளவு ஆகிவிடும்? ஐந்து லிட்டர் கேனுக்குப் பதில் ஐந்து ஒரு லிட்டர் பாட்டில், கொஞ்சம் கூடத்தான் ஆகும். தீக்காய வார்டில் ஒரு நாள் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள்.

தமிழக அரசிடம் நான் கேட்பது நான்கு விஷயம். ஒன்று, ஆல்கஹால் உள்ள எந்த மருத்துவச் சரக்கானாலும் எந்த ஆல்கஹால், எத்தனை சதவிகிதம் என்று வெளிப் பெட்டியில் தமிழில் பெரிதாக எழுத வேண்டும். 'மெடிசின்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அதுவே குற்றம். இரண்டு, சிறிய பாட்டில்களில் ஒழுங்காகக் கட்டி, உண்மை சொல்லிக் கொண்டுவருகிற சரக்கைப் பார்சல் கம்பெனிகள் மறுக்காமல் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொள்ள ஒரு தனி வழி. மூன்று, பயணிகள் பஸ்ஸின் வயிற்றில் இது கூடவே கூடாது. அரசு பஸ்ஸோ ஆம்னியோ, ஒரே விதி. நான்கு, மெத்தனால் மருத்துவச் சரக்கோடு ஒரே வண்டியில், ஒரே கோடவுனில் இருக்கக்கூடாது. ஒவ்வொரு பீப்பாயும் ஆலைக்குள் போய்க் காலியாகும் வரை கணக்குக் காட்ட வேண்டும்.

இதில் எதற்கும் புதிதாக ஒரு வாரியமோ, தலைவரோ, சிவப்பு விளக்குக் காரோ தேவையில்லை. இருக்கிற விதிகளைத் தமிழில் இரண்டு பக்கத்தில் அச்சடித்து எல்லாப் பார்சல் ஆபீஸிலும் ஒட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை கவுன்ட்டரில் "உள்ள என்ன?" என்று கேட்டால், வேலை முடிய வேண்டுமே என்று "மருந்து" என்று சொல்லாதீர்கள். "ஸ்பிரிட். ரெண்டு லிட்டர். எரியும்" என்று சொல்லுங்கள். மறுத்தால், மறுப்பதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு நிமிஷச் சங்கடத்தை நீங்கள் பட்டால், உங்கள் பெட்டிக்கு மேலே உட்கார்ந்து பயணம் செய்யப்போகிற யாரோ ஒருவர் ஊர் போய்ச் சேருவார்.